நிரோஷாவின் கையிலிருந்த சத்தம்

'துரு' என்ற மெட்டல் இசைக்குழுவின் முதல் அல்பம் வெளிவந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்து, அதில் ட்ரம்ஸ் வாசித்த நிரோஷா எதைத் தட்டினாலும் சத்தம் வரவில்லை. முதலில் தெரியவந்தது பிளேன்டீ கலக்கும்போதுதான். கரண்டி கிளாசில் பட்டது, சீனியும் கரைந்தது, சத்தத்தை மட்டும் காணோம். பிறகு வாளி, கதவு, தகரம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். பின்னேரம் ட்ரம்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து கை சிவக்க அடித்தாள். தோல் அதிர்ந்தது, சிம்பல் ஆடியது, பக்கத்தில் படுத்திருந்த பூனை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அதே ட்ரம்ஸை வேறு யார் அடித்தாலும் முடுக்கு முழுக்கக் கேட்டது. டாக்டர் காதைப் பார்த்துவிட்டு, காது நல்லாயிருக்கிறது, கைக்குச் சத்தம் வரவைக்கிற மருந்து தன்னிடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

காரணம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவளுடைய அப்பா சின்னராசா. மலையிலுள்ள பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதினாறு வயதில் இறங்கி வந்து, முப்பது வருடமாகப் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறவர். ஒருமுறை லொறியிலிருந்து சரிந்த வெங்காய மூட்டை இடது முழங்காலைப் பதம் பார்த்ததிலிருந்து அவர் நடை ஒரு மாதிரி. நாலு அடி நீளமாக வைப்பார், மூன்று அடி குட்டையாக வைப்பார். கொட்டாஞ்சேனை முடுக்கில் அந்த நடை கேட்டால் சின்னப் பிள்ளையாயிருந்த நிரோஷா தரையில் விரலால் தட்டிக்கொண்டே கதவைத் திறப்பாள். வளர்ந்து வெள்ளவத்தைப் பெடியன் சாரங்கனோடு சேர்ந்து இசைக்குழு தொடங்கியபோது, கடைசிப் பாட்டுக்கு அந்த நடையைத்தான் வைத்தாள். பதினேழு நிமிடப் பாட்டு, ஏழு ஏழாக எண்ண வேண்டிய தாளம்.

"இந்தக் கணக்கை எங்கயிருந்து எடுத்தனீ?" என்று கேட்டான் கிட்டார் வாசிக்கிற சாரங்கன்.

"எங்கப்பா நடக்கிறதுடா. நீ நடந்தா நாலுலதான் வரும், லிஃப்ட்ல போய்ப் பழகின காலு."

பதிவு நடந்தது சாரங்கன் வீட்டார் இருக்கும் கடற்கரைப் பக்க அடுக்குமாடியில், ஆறாம் மாடியில். வெளிச்சத்தத்தைத் தடுக்க வைத்திருந்த மெத்தைகளை லிஃப்டில் ஏற்றக் காவலாளி விடவில்லை. சின்னராசா பதினொரு மெத்தைகளையும் முதுகில் சுமந்து ஏறி, சுவர் சுவராகச் சாத்திக் கொடுத்தார். ஆனால் எந்த மெத்தையாலும் ரயிலை நிறுத்த முடியவில்லை. கீழே தண்டவாளம். ரயில் வந்தால் நிறுத்த வேண்டும், போனபின் தொடங்க வேண்டும். சின்னப் பாட்டுகள் ஐந்தும் ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவில் முடிந்துவிட்டன. பதினேழு நிமிடப் பாட்டு மட்டும் மூன்று மாதமாக முடியவில்லை. துண்டு துண்டாக எடுத்து ஒட்டலாம் என்றான் சாரங்கன். நடையை ஒட்ட முடியாது என்றாள் நிரோஷா. பாடகன் ரொஷானுக்குக் கட்டாரில் வேலை கிடைத்து, திங்கட்கிழமை விமானம் என்று ஆனது. மிச்சமிருந்தது ஒரு ஞாயிறு.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை சின்னராசா முடுக்கு முனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். அவர் முருகன் பக்தர்தான். கொட்டாஞ்சேனையில் அதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. புறக்கோட்டையில் முப்பது வருடம் பேரம் பேசிப் பழகிய வாய் அது. கூலி கேட்டாலும் சரி, லீவு கேட்டாலும் சரி, முழுசாகக் கேட்டால்தான் அரையாவது கைக்கு வரும். அந்தப் பழக்கத்தில், "புள்ள கையில இருக்கிற சத்தம் அம்புட்டும் அந்தப் பாட்டுல விழுந்துரணும் சாமி" என்று கேட்டுவிட்டார். பாதி விழுந்தால் போதும் என்பது அவர் மனதில் இருந்த கணக்கு.

அந்தோனியார் பேரம் பேசவில்லை. ஞாயிறன்று மூன்று இருபது ரயில் கல்கிசையில் புறப்பட்டு, நடுவிலிருக்கிற வெள்ளவத்தையைத் தொடாமலே பம்பலப்பிட்டியில் போய் நின்றது. பயணிகள் நேரத்தோடு போய்ச் சேர்ந்ததால் யாரும் முறைப்பாடு செய்யவில்லை. அந்தப் பதினேழு நிமிடத்தில் நிரோஷா அடித்த அடியில் ஆறாம் மாடிக் கண்ணாடிகளில் படிந்திருந்த உப்பு உதிர்ந்து விழுந்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த சின்னராசா, தன் முழங்கால் தன்னை விட்டுவிட்டு உள்ளே நடந்துகொண்டிருப்பதைக் கேட்டார்.

அல்பத்தைப் பற்றி வாரப் பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்த சின்னராசா அதை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார். நம்பிக்கை தரும் முதல் அல்பம் என்றும், இந்த ட்ரம்ஸ்காரி அடுத்ததில் என்ன செய்வாள் என்று பார்க்கக் காத்திருக்கிறோம் என்றும் எழுதியிருந்தார்கள். 'அடுத்ததில்' என்ற இடத்தில் விரலை வைத்தவர் அதற்கு மேலே போகவில்லை. மூன்றாம் நாள் மகளிடம் சொல்லிவிட்டார்.

"அம்புட்டையுமா கேட்டீங்க?"

"பாதி குடுக்கும்னு நெனச்சேன்மா."

"நம்ம சாமிகிட்ட கேட்டிருந்தா அதுக்குப் பேரம் தெரியும்" என்றாள் குசினியிலிருந்து நிரோஷாவின் அம்மா மயிலம்மா. அவள் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

நிரோஷா இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அன்னைக்கு நான் நல்லா அடிச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்பா. அப்ப அதுவும் நான் இல்லையா?"

சத்தம் போனதற்கு அழாதவள் அன்று அழுதாள். அதற்கு மட்டும் சத்தம் இருந்தது.

அடுத்த செவ்வாய் அவர் மறுபடி போனார். தன் காலில் இருக்கிற சத்தத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைக்குக் கால்வாசியாவது திருப்பிக் கொடுக்கும்படி கேட்டார். திரும்பி வரும்போது அவர் நடை கேட்கவில்லை. நிரோஷாவின் கைக்கு எதுவும் வரவும் இல்லை. முற்பணத்தை வாங்கிக்கொண்டு சரக்கை அனுப்பாத முதலாளிகளை அவர் நிறையப் பார்த்தவர், ஆகவே போய்ச் சண்டை பிடிக்கவில்லை.

பிறகு வருடங்கள் போயின. நுகேகொடையிலிருந்து வேறொரு ட்ரம்ஸ்காரன் வந்து, அந்தக் குட்டை அடி மூன்றும் பிடிபடாமல் இரண்டு கிழமையில் நின்றுவிட்டான். சாரங்கன் டொரொன்டோவுக்குப் போனான். "அடுத்தது எப்ப?" என்று கொஞ்சக் காலம் செய்தி அனுப்பினான், பிறகு பிள்ளையின் படம் அனுப்பினான். நிரோஷாவுக்குப் பொரளையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கதவு சாத்தினாலும் தட்டு வைத்தாலும் நோயாளிகள் விழிப்பதில்லை என்று இரண்டு முறை நற்சான்றிதழ் கொடுத்தார்கள். அவற்றை அவள் ட்ரம்ஸ் குச்சிகளோடு சேர்த்து அலுமாரிக்கு மேலே வைத்தாள். புறக்கோட்டையில் சின்னராசா வருவது தெரியாமல் ஆட்கள் முட்டிக்கொண்டார்கள். அவர் வாயால் "பாரை, பாரை" என்று சிங்களத்தில் வழி கேட்டுக்கொண்டு நடக்கப் பழகினார். எப்போதாவது போகிற ஓட்டோவில் அந்தப் பாட்டு கேட்கும். நாலு நீளம், மூன்று குட்டை. மூட்டையோடு ஓரமாக நின்று, அது போனபிறகு நடப்பார்.

இருவரும் ஒரே நேரத்தில் வேலை முடிந்து வரும் நாட்களில் முடுக்கில் நாய்கள்கூடத் தலை தூக்குவதில்லை. மகள் தட்டினால் கேட்காது, அப்பாவின் நடையும் கேட்காது என்பதால், கொட்டாஞ்சேனையில் யாரும் செய்யாத ஒன்றை மயிலம்மா செய்தாள். ஐந்து மணிக்குப் பிறகு தாழ்ப்பாள் போடாமல் கதவைச் சும்மா சாத்தி வைத்துவிட்டு, மூன்று கிளாசில் தேத்தண்ணி ஊற்றினாள்.