ஏழாவது படம்

விரிப்பின் மேல் மூலையில் ரயில்வே முத்திரை கறுப்பு மையில் குத்தியிருந்தது. அதை என் கட்டைவிரலால் மறைத்துப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அன்று காலை எனக்கு இடப்பட்ட முதல் உத்தரவு. முதல் வகுப்புப் படுக்கை வண்டியில் துரைமார்கள் படுத்துப் புரளும் விரிப்பு அது. பிரிக்பீல்ட்ஸில் வீரசிங்கம் சார் சொந்தமாகக் கட்டிய வீட்டின் பின்முற்றத்துக்கு அது எந்த வண்டி பிடித்து வந்தது என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. தலைமைக் கிளார்க்காக அவர் ஓய்வு பெறும்வரை பத்தொன்பது வருஷம் அவருக்குக் கீழே எழுதிக் குவித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். போய்விடுவேன். கால் பழகிவிட்டது.

"ஐசே, ராதாகிருஷ்ணன், ஆடாமல் பிடியும். பின்னாலை கோழிக்கூடு தெரிஞ்சால் பாஸ்போர்ட்டுக்கு ஒத்துக்கொள்ளமாட்டாங்கள்."

இரண்டு கையையும் உயர்த்தி விரிப்பைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நின்றேன்; படம் விழாத நேரத்தில் ஓரமாக எட்டிப் பார்ப்பேன். எனக்கு முன்னால் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மேலே கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டை, விறைப்பான காலர். கீழே கட்டம் போட்ட சாரம். இடுப்புக்குக் கீழே உள்ளதைப் பற்றி விண்ணப்பத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்பது அவருடைய வாதம். எதிரே, முக்காலியின் மேல் பழைய ரயில் கால அட்டவணைகளை அடுக்கி, அதன் மேல் அந்தப் பெட்டிக் காமிராவை வைத்திருந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து பிரிவுபசாரத்தில் கொடுத்தது. அன்றைக்கு அவர் ஒண்ணேகால் மணி நேரம் பேசினார். கொடுத்தவர்களுக்குத் தண்டனை அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தோம்.

அவர் லண்டன் போகப்போகிறார். மே மாதம் புது ராஜாவுக்கு முடிசூட்டு விழா. அவரை யாரும் கூப்பிடவில்லை. மலாயா ரயில்வே கிளார்க்குகளின் பிரதிநிதியாகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த கிளார்க்கும் அவரைத் தேர்ந்தெடுத்ததாக எனக்கு நினைவில்லை. நானும் ஒரு கிளார்க்தான்.

கணவன் பாஸ்போர்ட்டிலேயே மனைவிக்கும் ஒரு கட்டம் உண்டு. அங்கே அவள் படத்தை ஒட்ட வேண்டும். அதனால் சாரின் மனைவி தங்கரத்தினம் அக்காவுக்கும் படம் வேண்டியிருந்தது. ஊரில் ஸ்டூடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் போன வருஷம் ஒரு ஸ்டூடியோக்காரன், படம் நன்றாக வந்துவிட்டதே என்று யாரோ ஒரு கிளார்க்கின் மனைவி படத்தைப் பெரிதாக்கித் தெருவைப் பார்த்த கண்ணாடிக்குள் மாட்டிவிட்டான். அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு சீனப் பெண், அந்தப் பக்கம் குத்துச்சண்டைக்காரன் ஒருவன். எங்கள் ஆபீஸில் அதைப் பற்றிப் பேசியது போல சம்பள உயர்வைப் பற்றிக்கூடப் பேசியதில்லை. அது போக, ஸ்டூடியோக்காரன் மோவாயைத் தொட்டு முகத்தைத் திருப்பி வைப்பான். "என்ரை வீட்டுப் பொம்பிளையின்ரை நாடியை ஆரும் பிடிக்கேலாது" என்று சொல்லிவிட்டார் சார். எல்லாம் வீட்டிலேயே, தன் கையாலேயே.

அக்கா எதற்காக லண்டன் போகிறார் என்பது வேறு கதை. ஊர்வலம் பார்க்க அல்ல. அவர்களுடைய ஒரே மகன் சிவகுருநாதன் அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதி, கடைசியில் நாலு வரி தமிழில் அம்மாவுக்கு என்று எழுதுவான். நாலு மாதமாக அது நின்றுபோயிருந்தது. பிறகு அவன் தங்கியிருந்த வீட்டுக்காரியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சார் அதை வாசித்துவிட்டு, "நெஞ்சுச் சளியாம். கடல்காத்துப் படட்டும் எண்டு ஒரு நல்ல இடத்திலை வைச்சிருக்கினம்" என்று மனைவிக்கு மொழிபெயர்த்தார். மறுநாள் மத்தியானம் அக்கா அந்தக் கடிதத்தை முந்தானையில் மறைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"தம்பி, இதிலை இருக்கிறபடி வாசியுங்கோ. பாத்துக் குறைக்காதையுங்கோ."

குறைக்காமல் வாசித்தேன். இரண்டு நுரையீரலும் என்று இருந்தது. டாக்டர்கள் நாள் குறித்துச் சொல்ல மறுக்கிறார்கள் என்று இருந்தது. காய்ச்சலில் தினமும் தாயைக் கேட்கிறான், அவன் பேசுகிற பாஷை எங்களுக்குப் புரியவில்லை, அந்த ஒரு சொல் மட்டும் புரிகிறது என்று அந்த வெள்ளைக்காரி எழுதியிருந்தாள். அக்கா கடிதத்தை வாங்கி, வந்த மடிப்பிலேயே மடித்தார். அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் தானும் வருவதாகச் சொல்லிவிட்டாராம். சார் மறுக்கவில்லை. ஊர்வலப் படங்களில் பெரிய மனிதர்கள் பக்கத்தில் ஒரு சீமாட்டி நிற்பதை அவர் பத்திரிகையில் கவனித்திருந்தார்.

கையிலிருந்தது ஒரே ஒரு சுருள். எட்டுப் படம். நாலு அவருக்கு, நாலு அக்காவுக்கு என்று பேச்சு. தொடங்கும் முன் எங்கள் இருவரையும் நிறுத்திவைத்து விளக்கக் காகிதத்தை வாசித்துக் காட்டினார். ஒவ்வொரு படம் எடுத்த பிறகும் காமிராவின் விலாவிலுள்ள சாவியைத் திருப்ப வேண்டும். பின்பக்கத்துச் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த நம்பர் வரும். திருப்ப மறந்தால் அதே இடத்தில் அடுத்த படமும் விழுந்து இரண்டும் கெடும். "இது டெக்னிக்கல் விஷயம். சாவியை நான்தான் தொடுவன்." மற்றபடி தன் படத்தைத் தானே எடுக்கிறார் என்பதற்கு அர்த்தம் இதுதான்: அவர் உட்கார்ந்திருப்பார், அக்கா நின்று விசையை அழுத்துவார், நான் விரிப்பைப் பிடிப்பேன்.

முதல் படத்தில் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தினார். விசை அழுந்துவதற்குள் மூச்சு போய்விட்டது. இரண்டாவதில் ஸ்டேஷன் பக்கம் எஞ்சின் ஒன்று கூவ, நேரம் சரியா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அடுத்தது திருநீறு. நெற்றி நிறையப் பூசி ஒன்று எடுத்தார். லண்டனில் ஏதாவது தோல்வியாதி என்று நினைத்துவிடுவார்களோ என்று சந்தேகம் வந்து, துடைத்துவிட்டு இன்னொன்று எடுத்தார். அது நன்றாகவே விழுந்திருக்கும். அதோடு அவர் பங்கு முடிந்தது. ஆனால் சிவனை நினைத்துக் குற்ற உணர்ச்சி வந்து, ஒரு மெல்லிய கீற்று வைத்து ஐந்தாவது. மூக்குக்கண்ணாடியோடு ஆறாவது. ஒவ்வொரு முறையும் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, சாவியைத் திருப்பி, "ஃபைவ்", "சிக்ஸ்" என்று பிளாட்பாரத்தில் அறிவிப்பது போல அறிவித்துவிட்டுத் திரும்பப் போவார். அக்காவோ காலையிலேயே குளித்து, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரிச் சேலை கட்டி, காமிராவுக்குப் பின்னால் வெயிலில் நின்றார். தன் படங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதை விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணினேன். எனக்குக் கையும் வலித்தது.

ஏழாவதுக்கு மெடல் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் பழைய ராஜாவின் வெள்ளி விழாவில் கொடுத்தது. வெல்வெட் பெட்டியிலிருந்து எடுத்து, சட்டைக் கையால் துடைத்து, கோட்டில் குத்திக்கொண்டார். கல்லில் செதுக்கின முகம். அக்கா விசையை அழுத்தினார்.

எழுந்தார். மெடலைக் கழற்றினார். ஊசி கோட்டுத் துணியில் மாட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கி, பெட்டியில் வைத்து, பெட்டியை மூடி, "சரி, இஞ்சேரும், வந்து இரும்" என்று மனைவியைக் கூப்பிட்டுவிட்டு நேரே காமிராவுக்குப் பின்னால் போய் நின்றார். சாவியைத் திருப்பவில்லை. "எய்ட்" என்ற அறிவிப்பு வரவில்லை.

நான் பார்த்தேன். நாக்கு நுனி வரை வந்தது. வந்த இடத்தில் நின்றது. என் அப்பா இறந்த சமயம் லீவு கேட்டு நான் எழுதிய கடிதத்தை இவர் சிவப்பு மையில் மூன்று இடத்தில் திருத்தித் திருப்பி அனுப்பியவர். திருத்தி எழுதிக் கொடுத்து நான் போவதற்குள் அப்பா இருந்த பந்திங்கில் ஈமக்காரியம் முடிந்திருந்தது. அந்த மெடல் முகத்தின் மேல் இன்னொரு முகம் விழுந்து படம் வரும்போது இவர் மூஞ்சி எப்படிப் போகும் என்று நினைத்தேன். அக்காவுக்கு இன்னும் ஒரு பிலிம் இருக்கிறதே, இது முடிந்ததும் நம்பரைப் பார்ப்பார், ஒன்று மிச்சம் என்று தெரிந்து அக்காவை மறுபடி எடுப்பார் என்றும் கணக்குப் போட்டேன். கண் இமைக்கும் நேரத்தில் இவ்வளவும் யோசித்தேன். பத்தொன்பது வருஷ கிளார்க் வேலையில் இந்த வேகம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் தலைமுடியில் நல்லெண்ணெய் வாசம் வந்தது. உட்கார்ந்தவர் ஏனோ நேராகப் பார்க்காமல் கொஞ்சம் திரும்பினார். "நேரை பாரும்" என்றார் சார். அதற்குள் அவர் விரலே விசையை அழுத்திவிட்டது.

அவர் நம்பரைப் பார்த்தார். நான் நினைத்தபடியே. சாவியைத் திருப்பினார். "எய்ட்" என்றார், புதையல் கண்டவர் மாதிரி. "ஐசே, நான் பிழையாய் எண்ணிப்போட்டன். இன்னும் ஒண்டு கிடக்கு."

அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எழும்பும், எழும்பும். லண்டன் தொப்பியோடை ஒண்டு எடுத்திடுவம்."

அந்த நேரத்திலாவது நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், முதலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். உள்ளே போய்ச் சாம்பல் நிறத் தொப்பியோடு வந்தார். அக்கா போய்க் காமிராவுக்குப் பின்னால் நின்று விசையை அழுத்தினார். நான் விரிப்பை ஆடாமல் பிடித்திருந்தேன். அந்த வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது.

கழுவக் கொடுத்த படங்கள் புதன்கிழமை சாயங்காலம்தான் வந்தன. விண்ணப்பம் வியாழன் மத்தியானத்துக்குள் போக வேண்டும். சனிக்கிழமைக்கு அடுத்த சனி போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் கப்பல். ஏழாவது படத்தைப் பார்த்து சார் முதலில் பிலிம் செய்தவனைத் திட்டினார், பிறகு கழுவியவனை. கடைசியில் மனைவியைப் பார்த்து, "நீர் ஆடினீர்" என்றார். சாவி என்ற சொல்லே அந்த வீட்டில் எழவில்லை. நானும் எழுப்பவில்லை. வியாழக்கிழமை அந்த ஆபீஸ் துரை, பாவம், மரியாதையாகத்தான் சொன்னாராம்: இந்தப் படத்தை ஒட்ட முடியாது, அம்மையார் பிறகு தனியாக விண்ணப்பிக்கலாம், அடுத்த கப்பலில் வரலாம். அடுத்த கப்பல் விழாவுக்குப் பிறகுதான் போய்ச் சேரும். காத்திருந்து இருவருமாகப் போகலாமே என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ராஜா எனக்காகக் காத்திருப்பாரோ என்று கேட்டார். இரண்டே நாளில், பெண்களுக்கு அந்தக் குளிர் ஒத்துவராது என்று அவரே முடிவு செய்தது போல ஊருக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மனைவி தனியாகக் கப்பல் ஏறுவது பற்றிப் பேச்சே இல்லை.

துறைமுகத்தில் தொப்பிப் பெட்டியை நான்தான் தூக்கினேன். அக்கா வரவில்லை. மகனை எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டேன். ஊர்வலம் முடிந்ததும் முதல் வேலை அதுதான் என்றார். சொன்னபோது குரல் கொஞ்சம் உடைந்தது போலிருந்தது. கப்பல் ஊதியதில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அக்கா எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். கையில் ஒரு உறையும் அந்த வெள்ளைக்காரியின் கடிதமும். விலாசத்தை இங்கிலீஷில் எழுதித் தரச் சொன்னார். விமானத் தபாலில் போட்டால் அவருக்கு முன்னால் போய்விடுமல்லவா என்று கேட்டார். போய்விடும் என்றேன். உறைக்குள் என்ன என்று கேட்டதற்கு எடுத்துக் காட்டினார். ஏழாவது படம்.

"இது எதுக்குக்கா? நாளைக்கே ஸ்டூடியோவுல நல்லா ஒண்ணு எடுத்து அனுப்பலாமே. நானே கூட்டிட்டுப் போறேன்."

"நாளைக்கு எடுத்து எப்ப தம்பி தருவான்? இது கிடக்கட்டும். ரெண்டு பேரும் வந்தமாதிரி இருக்கும் அவனுக்கு."

மேசையில் உட்கார்ந்து விலாசம் எழுதினேன். கையெழுத்து எனக்கு நன்றாக இருக்கும். சாரே ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அது. மை காய்வதற்காக ஊதிக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார், பாசாரில் மீன் விலை சொல்கிற குரலில்:

"அவர் சாவி திருப்பேல்லை எண்டு நீங்களும் கண்டனீங்கள்தானே. நான் சொன்னால் அவருக்குக் கோவம் வரும், விட்டிட்டுப் போயிடுவார். நீங்கள் சொல்லுவியள் எண்டு திரும்பிப் பாத்தனான்."

நான் ஊதிக்கொண்டே இருந்தேன். மை எப்போதோ காய்ந்திருந்தது. அவர் நிலைப்படியில் சாய்ந்து, வெளியே என் மனைவி துணி உலர்த்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உறையில் போடுவதற்காகப் படத்தைக் கையில் எடுத்தேன்.

மெடல் நேராக நின்றது. அதன் மேல் புகை போல ஒரு சேலை. சாரின் மீசைக்குக் குறுக்கே ஒரு கன்னம். அவருடைய காதிருக்கும் இடத்தில் ஒரு கண், நாற்காலிக்குப் பின்னால் எதையோ தேடித் திரும்பிய கண். இரண்டு முகமும் ஒன்றையொன்று அழித்து, எது யாருடையது என்று தெரியாமல் கலங்கியிருந்தன. இரண்டு தடவையும் அசையாமல் ஒரே இடத்தில் இருந்தவை மட்டும் துல்லியமாக விழுந்திருந்தன. விரிப்பின் ஒரு ஓரத்தில் நாலு விரல். மறுபக்கத்து மேல் மூலையில், முத்திரையை மறைத்துக்கொண்டு, நகத்தின் வெள்ளைப் பிறை வரை தெளிவாக, என் கட்டைவிரல். அந்தக் கண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.