நூற்று மூன்று சதவீதம்

இரும்புலியூரில் எங்கள் அபார்ட்மெண்டின் மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று ஒரு சென்சார் நொடிக்கொரு தடவை டேட்டாபேஸில் எழுதும். தொட்டி நிறைந்ததும் நான் எழுதிய ஸ்கிரிப்ட் மோட்டாரை நிறுத்த வேண்டும். ஆனால் மூன்று கோடி வரிகள் சேர்ந்துவிட்டதால், கடைசி அளவைத் தேடி எடுக்கவே பதினொரு நிமிடம் ஆனது. அதற்குள் மூன்றாம் மாடி ரோஹிணி அக்கா, "ஜெரூஷா, வழியுது!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிடுவார்.

ஞாயிறு ஆராதனைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து, தேடுவது சீக்கிரம் முடிய, புத்தகத்துக்குப் பொருளடக்கம் போடுவதுபோல டேட்டாபேஸுக்கு ஓர் இண்டெக்ஸ் போட்டேன். அரை நொடியில் பதில் வந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கள் காலை மறுபடியும், "ஜெரூஷா!"

டேட்டாபேஸ் லாக் ஆகியிருந்தது. அந்தக் கோப்பில் ஒருவர் திருத்தம் செய்துகொண்டிருந்தால், அவர் சேமிக்கும்வரை வேறு யாரும் எழுத முடியாது. சென்சாரும் எழுத முடியாமல், அளவு எண்பது சதவீதத்திலேயே நின்றிருந்தது. எந்த மகானுபாவர் வேலை இது? பல்லைக் கடித்துக்கொண்டு, தொட்டியைப் பார்க்க மொட்டைமாடிக்கு ஓடினேன்.

தொட்டிக்குக் கீழே நாற்காலி போட்டு, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார் அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர் சூர்யநாராயணன் சார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரு கையில் குடை.

"சார், என்ன பண்றீங்க?"

"உன் சென்சாருக்குக் கணக்கே வரலைம்மா. அங்கங்க நூத்தி மூணு பர்சென்ட்னு போட்டிருக்கு. நூத்துக்கு மேல எப்படிம்மா வரும்? ஒவ்வொண்ணா நூறாக்கிட்டிருக்கேன். எல்லாம் முடிச்சிட்டு சேவ் பண்றேன்."

அந்த மூன்று சதவீதம் அவர் குடைமேல் சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது.