நாலாம் நம்பர்

ஹார்டுவேர் கடைக்காரர் ஏணியில் நின்றபடியே குனிந்து சொன்னார். "ஏழுக்குக் கீழ வராதுங்க. நாலாம் நம்பர்ல இரும்பு மூக்கு வச்சு ஷூ எவன் செய்வான்?"

பெயின்டர் தலையசைத்தான். அந்த 'வராதுங்க' வெறும் வயிற்றில் வெந்நீர் போல இறங்கியது. இன்னொரு முறை கேட்டால் தேவலை போலிருந்தது.

"ஆர்டர் போட்டாக்கூட?"

"போட்டாக்கூட வராது."

வெளியே ரொட்டி வேனில் மைத்துனன் காத்திருந்தான். மனைவியின் தம்பி. அவள் உடலைச் சாயங்காலம்தான் தருவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. ஒரு கடைக்குப் போகவேண்டும் என்று பெயின்டர் எழுந்தபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. துணைக்கு மைத்துனனை அனுப்பிவைத்தார்கள். சேஃப்டி ஷூ, பொம்பளை அளவு என்பது வேனில் ஏறிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அவனும் ஏன் என்று கேட்கவில்லை.

அவள் மீன் வைக்கும் குளிர்கிடங்கில் வேலை பார்த்தாள். கம்பெனி கொடுத்தது ஆண்கள் ஷூ, ஏழாம் நம்பர். முனையில் துணி அடைத்துப் போட்டுக்கொள்வாள். இதை இழுத்துக்கிட்டு நடக்கத் தனிக் கூலி கேக்கணும் என்பாள். நேற்றுக் காலை சரக்கு ஏற்றும் மேடையிலிருந்து இறங்கும்போது ஒரு ஷூ மேல்படியிலேயே நின்றுவிட்டது. கால் மட்டும் இறங்கியது. கீழே சிமென்ட் தரை.

காலுக்குச் சரியாக ஒன்று வாங்கித் தரும்படி அவள் மழைக்காலத்தில் அவனிடம் சொல்லியிருந்தாள். விடியுமுன் போய், கடைகள் சாத்தியபின் வருகிறவள். மழையில் சுவருக்கு வண்ணம் அடிக்க முடியாது. அவன் சும்மாதான் இருந்தான். டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். ஒரு வாரம் கழித்து, அவள் மறுபடி கேட்பதற்குள் முந்திக்கொண்டு சொன்னான்: ஊரெல்லாம் அலைஞ்சிட்டேன், உன் காலுக்கு எங்கயும் இல்ல.

அவன் ஒரு கடைப்படியும் ஏறியிருக்கவில்லை.

அவள் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டாள். "வாய் வளந்த அளவுக்குக் கால் வளரல. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

இன்றுதான் அலைந்தான். எங்கும் இருக்கக் கூடாது. எல்லாக் கடையிலும் இல்லை என்று சொல்லிவிட்டால், அவன் அன்று சொன்னது உண்மையாகிவிடும்.

அடுத்தது பெரிய செருப்புக்கடை. அந்த அளவில் குதித்தால் விளக்கெரியும் குழந்தை ஷூதான் இருந்தது. அதற்கடுத்த பழைய சாமான் கடையில் ஒரு ஜோடி கிடைத்தது. இரண்டும் இடது கால். ரெண்டும் இடது காலா உள்ள ஆளா என்று கடைக்காரர் சிரித்தார். பெயின்டரும் வாயைச் சிரிப்பது போல வைத்துக்கொண்டான். மூன்று கடைகள் கழிந்தன.

வேனில் ரொட்டி வாசனை போகாமல் நின்றது. மைத்துனன் சாலையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டான்.

"அக்காவுக்குப் போட்டு அனுப்பலாம்னு பாக்கறீங்களா மச்சான்?"

பெயின்டர் "ம்" என்றான்.

மைத்துனன் வேனை ஓரம் கட்டினான். முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். ரொட்டி போடும் கடைகள், மற்ற டிரைவர்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். போதும், நேரமாச்சு, வீட்டுக்குப் போகலாம் என்று பெயின்டர் சொன்னான். நேரம் கிடக்கு மச்சான் என்று அவன் கையமர்த்தினான். ஒருத்தர் இல்லை என்றார். இன்னொருத்தர் இல்லை என்றார். பெயின்டர் விரல் நகத்தில் காய்ந்திருந்த பச்சை வண்ணத்தைச் சுரண்டினான்.

"மச்சான், இருக்காம்."

தெருவுக்குள் திரும்பும்போதே பெயின்டருக்குத் தெரிந்துவிட்டது. அவன் வழக்கமாக உட்காரும் டீக்கடை. அதற்கு நாலு கடை தள்ளி, கையுறையும் தார்ப்பாயும் தொங்கும் ஒரு சின்னக் கடை.

கடைக்கார அம்மா தேடவில்லை. கையெட்டும் தட்டிலிருந்து பெட்டியை எடுத்து மெல்லிய தாளை விலக்கினாள்.

"மில்லுப் பொண்ணுங்க எல்லாம் இங்கதான் எடுக்கும். ஆள் வரலியா? போட்டுப் பாத்து எடுத்தா நல்லது."

"வர முடியாதும்மா," என்றான் மைத்துனன். பிறகு, அந்த இடத்தில் எதையாவது சொல்லியாக வேண்டும் என்பது போலச் சொன்னான்: "மழைக்காலத்துல எங்க மச்சான் இதுக்காக ஊரெல்லாம் தேடினாரு. அக்கா எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி மாயும். மழையில நனைஞ்சு தேடினாருடா, பாவம்டான்னு."

"இங்க வரலியே," என்றாள் அவள். "நாலு நான் எப்பவும் வச்சிருப்பேனே."

பெயின்டர் ஒரு ஷூவை எடுத்தான். உள்ளே கையை விட்டான். மணிக்கட்டுவரை போயிற்று. விரல் நுனிகள் இரும்பு மூக்கைத் தொட்டு நின்றன.

"சேராது," என்றான்.

"நாலுதானே கேட்டீங்க?"

"அவ கால் இதைவிடச் சின்னது."

"நாலுதான் மச்சான்," என்றான் மைத்துனன். "எனக்குத் தெரியாதா?"

"சேராதுடா. போலாம்."

கடைக்கார அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மைத்துனன் பெயின்டரை மட்டும் பார்த்தான். பிறகு திரும்பி வாசலுக்கு வெளியே, நாலு கடை தள்ளி, டீக்கடை பெஞ்சைப் பார்த்தான். மச்சானைத் தேடி அவனும் அங்கே பலமுறை வந்திருக்கிறான். மழையிலும் வந்திருக்கிறான்.

மின்விசிறி சுற்றிற்று.

மைத்துனன் பெயின்டரின் கையிலிருந்து ஷூவை வாங்கினான். கையோடு சிக்கியிருந்ததால் சற்று இழுக்க வேண்டியிருந்தது. அதை மற்றதோடு பெட்டியில் வைத்து மூடினான். சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, மீதி வாங்காமல் வெளியே போனான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவன் ஹார்ன் அடிக்கவில்லை. பெட்டி இருவருக்கும் நடுவே சீட்டில் இருந்தது. வேன் வளைவில் திரும்பியபோது அது பெயின்டர் பக்கம் சரிந்தது. விழாமல் கையால் பிடித்துக்கொண்டான்.