படிக்கட்டுப் பேயின் இடது கண்

"நீங்க பேயா இருக்கும்போது நான் கூப்பிட்டா உங்களுக்குக் கேக்குமா அக்கா?"

ஏழு வயதுச் சிறுமி கேட்டாள். பேயாக நடிப்பவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு. ஒருவர் அவள் கூந்தலில் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். சிரித்து மழுப்பியிருக்கலாம். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"கேக்கும் கண்ணு. ஆனா பேய் பேசக் கூடாதுல்ல? அதனால இடது கண்ணை மட்டும் சிமிட்டுவேன். அது உனக்கு மட்டும். யார்கிட்டயும் சொல்லாத."

காட்சி எளிமையானதுதான். ஈரப் படிக்கட்டில் பேய் இறங்கி வரும். சிறுமி அசையாமல் நின்று பார்க்க வேண்டும். ஆனால் புகைக்குள் வெள்ளை முகம் தெரிந்ததுமே அவள் ஓடிவிடுவாள். எட்டு முறை ஓடினாள். எட்டு முறையும் பேய் மேலே ஏறிப் போய், மறுபடி தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வெறுங்காலோடு நடுங்கி நின்றது. "யாரால லேட்டாகுது?" என்று இயக்குநர் கத்தியபோது, "என்னாலதான் சார், கால் வழுக்குது" என்றாள் அவள்.

ஒன்பதாவது முறை பேயின் இடது கண் மூடித் திறந்தது. சிறுமி நின்றாள்.

இதெல்லாம் நடந்து முப்பத்து நான்கு வருடம் ஆகிறது. அந்தச் சிறுமிக்கு இப்போது அசையும் அவதார்கள் செய்வது தொழில். கேமராவுக்கு முன்னால் நீங்கள் சிரித்தால் திரையில் ஒரு பூனை சிரிக்கும். நீங்கள் தலையை ஆட்டினால் ஒரு ராஜா தலையை ஆட்டுவார். முகம் காட்டக் கூசும் பாடகர்கள், வீடியோ கேம் ஆடுகிறவர்கள், வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் என்று அவளிடம் பலர் வருவார்கள். காலையில் கணினியைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் கண்மூடி, இன்று என் கையால் யாருக்கும் கூச்சம் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வாள்.

ஒரு நாள் பழைய படங்களை டிஸ்க்காக வெளியிடுகிறவர் ஒருவர் கூப்பிட்டார்.

"பழைய திகில் படம் ஒண்ணு, மூல ஃபிலிம்லேர்ந்து சுத்தம் பண்ணிக் கொண்டுவர்றோம். பேயா நடிச்சவங்க ரசிகர்களோட பேசற மாதிரி ஒரு பகுதி வேணும். ஆனா அவங்க முகத்தைக் காட்ட மாட்டாங்களாம். குரல் மட்டும்னா, இது என்ன ரேடியோவான்னு நம்ம ஆளுங்க கேப்பாங்க. அந்தப் பேயையே அவதாரா செஞ்சு குடுங்களேன்."

படத்தின் பெயரைக் கேட்டதும் அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சரி என்று மட்டும் சொன்னாள்.

நடிகையின் வீட்டு முன்னறையில் ஒரு தையல் இயந்திரம் இருந்தது. நடிகையின் தங்கை அதன் முன் உட்கார்ந்து திரைச்சீலைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் ஜன்னல் பாதி மூடியிருந்தது. பால் கலந்த தண்ணீர் போன்ற வெளிச்சத்தில் நடிகை தன் வலது பக்கத்தைச் சுவரோரம் மறைத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடம் முன்பு முகவாதம் வந்தது. வலது கன்னம் தொங்கிவிட்டது. வலது இமை மூடாது. தூங்கும்போது கண்ணில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். வாய் ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டால்தான் 'ப' வரும்.

"பேயா நடிச்சவளுக்குப் பேய்னு சொல்ல வரல பாத்தியாம்மா," என்றாள், வாயோரத்தை விரலால் பிடித்துக்கொண்டே.

"வராட்டி என்னக்கா? இத்தனை வருஷமா உன்கூடக் குடித்தனம் பண்றேன், ஒரு நாள் பயந்திருப்பேனா? ஊசி தொலைஞ்சாதான் எனக்குப் பயம்," என்று தங்கை முன்னறையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"அவ வாய்க்குத்தான் ஒண்ணும் வரல," என்றாள் அக்கா. பிறகு தாழ்ந்த குரலில், "நான் இன்னும் சரின்னு சொல்லலம்மா. பாத்துட்டுச் சொல்றேன். ரசிகருங்க மனசுல நான் படியில நிக்கறேன். அப்படியே நின்னுட்டுப் போறேனே. ஐயோ பாவம்னு ஒருத்தர் சொன்னாலும் என்னால தாங்க முடியாது."

"பிடிக்கலன்னா வேண்டாம்மா. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

"என்கூட ஒரு குழந்தை நடிச்சுது. படி முழுக்க ஓடும். இப்ப எங்க இருக்கோ."

இவள் டீயைக் கையில் எடுத்துக்கொண்டாள். நான்தான் அது என்று இவள் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் உடனே சம்மதித்திருப்பாள். அந்தக் குழந்தைக்காகச் சம்மதித்திருப்பாள், தனக்காக இல்லை. நன்றியைச் சொல்லி ஒருவரைக் கட்டிப்போடுவதும் கட்டாயப்படுத்துவதுதான். அதனால் டீயைக் குடித்துவிட்டு, முகத்தை அளந்துகொண்டு திரும்பினாள்.

மூன்று வாரம் உழைத்தாள். டிஸ்க்காரர் அனுப்பிய சுத்தமான படச்சுருளிலிருந்து கூந்தலை எடுத்தாள், புகையை எடுத்தாள், நீலம் பாய்ந்த உதட்டை எடுத்தாள். படிக்கட்டுக் காட்சியில் ஆறே ஆறு ஃபிரேம்களில், கால் நொடி, இடது கண் மூடியிருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அன்று மாலை தெருவில் நடந்தபோது கடைகளும் விளக்குகளும் தண்ணீருக்கடியில் மெல்ல ஆடுவது போலிருந்தது.

சோதனை நாளன்று மடிக்கணினியைக் கட்டில் மேல் வைத்தாள். திரையில் பேய் எழுந்தது. அம்மாள் தலையைச் சாய்த்தாள், பேயும் சாய்த்தது. அதன் வலது கன்னத்தையும் வாயையும் இடது பக்கத்தைப் போலவே அசையும்படி இவள் அமைத்திருந்தாள். அம்மாள் சிரித்தாள், பேய் இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சிரித்தது. அவள் கை தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது.

அப்போது பேய் கண்ணடித்தது. மறுபடியும் அடித்தது.

இவள் திரையை நோக்கிக் குனிந்தாள். முப்பத்து நான்கு வருடம் கழித்து அதே கண். பிறகுதான் புரிந்தது: அம்மாள் இமைக்கும்போது வலது இமை மூடுவதில்லை, இடது மட்டும் மூடுகிறது. கன்னத்தையும் வாயையும் சரிசெய்தவள் கண்களை மறந்துவிட்டாள். கேமரா தான் கண்டதை அப்படியே பேயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"பொம்மைக்கும் வாதமா?" என்றாள் அம்மாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தையல் இயந்திரமும் நின்றது.

"என் தப்பும்மா. பேய் இமைக்கவே கூடாது இல்ல? படத்துல அப்படியே முறைச்சுப் பாக்குமே. நான்தான் அணைக்க மறந்துட்டேன்." இமைக்கும் வசதியை அணைத்தாள். பேய் அசையாத கண்களோடு இருவரையும் பார்த்தது.

அம்மாள் மெல்லத் திரும்பினாள். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, இமைக்காது," என்றாள். "சரி, வரச் சொல்லு அவங்கள."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. நூற்று நாற்பது பேர் அவரவர் வீட்டுத் திரைக்கு முன் கூடியிருந்தார்கள். அறையில் இவர்கள் இருவர் மட்டுமே. துணி வெட்டுகிற சத்தம் கேட்கக் கூடாது என்று தங்கை கத்தரிக்கோலோடு மாடிக்குப் போய்விட்டாள். ரசிகர் சங்கத் தலைவரை எல்லோரும் 'மயானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி பொருத்துகிறவர். கரப்பான்பூச்சிக்குப் பயப்படுவார் என்று சங்கத்தில் பேச்சு.

"அம்மா, வணக்கம். நீங்க வந்ததே போதும். ஒரே ஒரு சண்டைய மட்டும் தீத்து வைங்க. இருபது வருஷமா சங்கம் ரெண்டா கிடக்கு. அந்தப் படிக்கட்டுல பேய் கண்ணடிச்சுதா, இல்லையா?"

"அடிச்சுது," என்றது ஒரு குரல்.

"கோடு விழுந்ததைப் பாத்துட்டு அடிச்சுதுங்கறான்," என்றது இன்னொன்று.

"யோவ், உன் கேசட்டைத் தேச்சதே நீதான்யா."

உண்மைதான். அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தே எல்லோருடைய வீடியோ கேசட்டிலும் நாடா தேய்ந்துபோயிருந்தது. பேயின் முகத்தில் வெள்ளைக் கோடுகள்தான் மிச்சம். டிஸ்க்காரருக்கு விடை தெரியும்; வாயைத் திறக்கவில்லை.

அம்மாள் பேசத் தொடங்கினாள். ஆர்வத்தில் வாயோரத்தைப் பிடிக்க மறந்துவிட்டாள்.

"அந்த ஃபேய்..."

எங்கோ ஒருவர் சிரித்தார். வேண்டுமென்றே அல்ல, பேய் கொஞ்சுகிறது என்று நினைத்திருக்கலாம். அம்மாள் நிறுத்திவிட்டாள். கை மடியில் விழுந்தது. பிறகு அது காதொலிப்பானைக் கழற்ற எழுந்தது. நூற்று நாற்பது பேரும் காத்திருந்தார்கள். இப்போது அவள் எழுந்து போனால் இனி இந்த அறையை விட்டு வெளியே வரவே மாட்டாள்.

மடிக்கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் எதுவும் பேச முடியாது, ஒலிவாங்கி திறந்திருந்தது. அம்மாளின் கண்ணை நேராகப் பார்த்தாள். இடது கண்ணை மட்டும் மூடித் திறந்தாள்.

அம்மாளின் கை பாதியிலேயே நின்றது. எதிரே இருந்த நாற்பத்தொரு வயது முகத்தை, நெற்றியை, மோவாயை, ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். மாடியில் கத்தரிக்கோல் துணியில் ஓடும் சத்தம் லேசாகக் கேட்டது.

கை இறங்கவில்லை. வாயோரத்துக்குப் போய் அதைப் பிடித்துக்கொண்டது.

"பேய் கண்ணடிச்சுது," என்றாள் தெளிவாக. "தப்பா அடிக்கல. தெரிஞ்சுதான் அடிச்சுது. யாருக்குன்னு மட்டும் கேக்காதீங்க, அது சொல்லக் கூடாது."

காதொலிப்பானில் ஒரே இரைச்சல். பாதிப் பேர் வென்றார்கள், பாதிப் பேர் தோற்றார்கள். ஆனால் எல்லோரும் சிரித்தார்கள். யாருக்கு என்று மயானம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அம்மாள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. எதிரே இருந்தவளைப் பார்த்தபடியே இடது கண்ணை மெல்ல மூடித் திறந்தாள். திரையில் பேய் இமைக்காமல் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.