நான்கு கோர், நாற்பது விநாடி

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைச் சோதிக்கிறோம். அடுக்குமாடிகளின் தொட்டித் தண்ணீர், பள்ளிக்கூடத்துக் குழாய்த் தண்ணீர், தொழிற்சாலைகள் யாரும் பார்க்காதபோது வெளியே விடும் தண்ணீர். பாட்டிலில் வருவது காகிதமாகத் திரும்பிப் போகும். நடுவில், கூட வேலை பார்க்கும் அக்காவும் நானும் இருக்கிறோம். அக்காவுக்கு இது பதினோராவது வருடம். எனக்கு ஆறாவது மாதம். மாதக் கடைசியில் என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முதலாளி சொல்வார்.

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று முதலாளிக்குத் தோன்றியது அந்த மாதத்தில்தான். அவர் மனைவியின் தம்பியை வரவழைத்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. எந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தாலும் முதலில் 'கான்ஃபிகரேஷன் என்ன?' என்று கேட்பார் என்பதால் நாங்கள் கான்ஃபிகரேஷன் என்போம், அவர் காதில் விழாத தூரத்தில்.

"கம்ப்யூட்டரோட மூளையே ப்ராசஸர்தான். அதுல ரெண்டே ரெண்டு கோர் வெச்சிருக்கீங்க மாமா. வெளில சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தார் கான்ஃபிகரேஷன்.

"நாலு வாங்கலாமா மாப்பிள்ளை?"

"நாலுலயே சாதாரணமா ஒண்ணு இருக்கு, உச்சத்துல ஒண்ணு இருக்கு. வாங்கறதுன்னா உச்சத்துல இருக்கறதை வாங்கணும்."

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்று அக்கா கேட்டார்.

"இது சாதாரணம். அது உச்சம்."

அக்கா புரிந்ததுபோல் தலையாட்டினார்.

எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் சரி என்று சொன்ன பிறகுதான் டீ வரும். அதனால் எங்கள் கூடத்தில் இதுவரை கருத்து வேற்றுமை வந்ததில்லை.

"நீ என்னம்மா சொல்றே? சயின்ஸ் படிச்ச பொண்ணு" என்றார் முதலாளி.

எனக்குச் சொல்ல மூன்று விஷயங்கள் இருந்தன. அவை தொண்டை வரை வந்து, அங்கே ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு, திரும்பிப் போய்விட்டன.

"சரிங்க சார்."

டீ வந்தது.

ஒரு நாளைக்கு அறுபது பாட்டில். ஒவ்வொன்றுக்கும் நான்கு அளவீடுகள். கருவி தண்ணீரை உறிஞ்சியதும் கம்ப்யூட்டர் திரையில் 'காத்திருக்கவும்' என்று வரும். ஒரு மணல் கடிகாரம் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருக்கும். பிறகு எண் வரும். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் நாலு நாற்பதுக்கு முடியும். அதற்கு மேல் அறிக்கைகளை அச்சடித்துக் கையெழுத்துப் போட ஒரு மணி நேரம். அக்காவின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தனி வகுப்பு ஐந்து மணிக்கு விடும்.

"எம் பொண்ணு என்னைவிட அந்த ஸ்கூல் வாட்ச்மேனைத்தான் அதிகம் பார்க்கறா. கல்யாணப் பத்திரிகைல அவர் பேரைத்தான் போடணும்" என்பார் அக்கா.

கூட்டம் நடந்த மறுநாள், மணல் கடிகாரம் சுற்றிக்கொண்டிருந்தபோது, ப்ராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று திறந்து பார்த்தேன். மூன்று சதவீதம். பழைய இரண்டு கோர்களும் ஏறக்குறைய தூங்கிக்கொண்டிருந்தன. சும்மா இருக்கும் இரண்டு பேருக்குப் பதில் நான்கு பேரை, அதுவும் உச்சத்தில் இருப்பவர்களை, சும்மா உட்கார வைக்கப் போகிறோம் என்று புரிந்தது.

அப்படியென்றால் எதற்காகக் காத்திருக்கிறோம்? சாப்பாட்டு இடைவேளையில் மென்பொருளின் கோப்பைத் திறந்தேன். எனக்கு முன்னால் வேலை பார்த்த யாரோ எழுதியது. எளிமையாகத்தான் இருந்தது. நூற்றுப் பதினெட்டாவது வரியில், கம்ப்யூட்டர் நாற்பது விநாடி சும்மா இருக்க வேண்டும் என்று கட்டளை. அதற்கு மேலே ஒரு குறிப்பு:

'கருவி நிதானத்துக்கு வர நாற்பது விநாடி ஆகிறது. புதுக் கருவி வாங்கினால் இந்த எண்ணை மாற்றவும்.'

புதுக் கருவி வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அது ஐந்து விநாடியில் நிதானத்துக்கு வந்துவிடும் என்று அதன் கையேட்டின் இரண்டாம் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. கையேடு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. உறையை நான்தான் பிரித்தேன். ஒரே பாட்டிலை நாற்பது விநாடி வைத்து அளந்தேன், ஐந்து விநாடி வைத்து அளந்தேன். இரண்டாம் தசமம் வரை ஒரே எண். ஐந்து என்று மாற்றினால் மொத்த வேலையும் இருபது நிமிடத்தில் முடியும், எதையும் வாங்காமல். எண்ணைத் திரும்ப நாற்பதாக்கிவிட்டு எழுந்தேன்.

வாயால் சொல்ல வராது என்பதால் ஒரு தாளில் எழுதினேன். எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. தட்டுவதற்குத் தைரியம் சேர்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.

"வேகமா முடியும்னு சொல்றே. எவ்வளவு வேகமா?" என்றது முதலாளியின் குரல்.

"ஒரு மணி நேரம் மாமா. அதுக்கு மேல போச்சுன்னா என்னை என்னன்னு கேளுங்க."

"ஒரு மணி நேரத்துல முடிஞ்சா ஒரு ஆளு போதுமே."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"சரி. அந்தப் புதுப் பொண்ணை நிறுத்திடலாம். பேசவே மாட்டேங்குது, இருந்தாலும் இல்லாட்டாலும் ஒண்ணுதான்."

தாளை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன். தட்டாமல் திரும்பினேன். பேசாமல் இருப்பதால் ஒருவருக்கு எவ்வளவு விஷயம் தெரியவருகிறது என்பதை முதலாளி யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் உச்சம் வந்து சேர்ந்தது. டப்பாவே எங்கள் பரிசோதனை மேசையைவிட அழகாக இருந்தது. ப்ராசஸருக்கு என்று தனியாக ஒரு மின்விசிறி, உள்ளங்கை இரண்டை விரித்த அளவு. போட்டதும் விமானம் கிளம்புவதுபோல் சத்தம். திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"ஏன் மாப்பிள்ளை படம் வரலை?"

"இது உச்சத்துல இருக்கற ப்ராசஸர் மாமா. படம் காட்டற வேலையெல்லாம் தானே செய்யாது. அதுக்குத் தனியா ஒரு கார்டு வாங்கணும்."

"சாதாரணமானது?"

"அது செய்யும்."

முதலாளி அவரையே பார்த்தார். தனியாக ஒரு கார்டு வாங்கினோம்.

பரீட்சை நாள் வந்தது. பழைய மென்பொருளை அப்படியே புது மெஷினுக்கு மாற்றியிருந்தார்கள், நூற்றுப் பதினெட்டாவது வரி உட்பட. முதலாளி நாற்காலி போட்டு, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். முதல் பாட்டிலை வைத்தேன். 'காத்திருக்கவும்' என்று வந்தது. எழுத்துகள் முன்னைவிடப் பளிச்சென்று இருந்தன. மணல் கடிகாரம் மிக வழுவழுப்பாகக் குட்டிக்கரணம் போட்டது. ஒரு கோர் காத்திருந்தது. மற்ற மூன்றும் அது காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தன. எங்கள் அலுவலகம்போலவே இருந்தது.

கடைசிப் பாட்டில் முடிந்தபோது முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு மணி நேரம் நாப்பது நிமிஷம்."

"பார்த்தீங்களா, ஒரு நிமிஷம்கூட அதிகமாகலை!"

"மாப்பிள்ளை."

"புது ப்ராசஸர் மாமா. செட்டாகணும். செட்டாக ரெண்டு நாள் ஆகும்."

"திருப்பிக் குடுத்தா எடுத்துக்குவானா?"

"டப்பாவைத் திறந்துட்டோமே."

"அப்போ இதுக்குப் போனதை வேற எங்கயாவது மிச்சம் புடிச்சாகணும்" என்று முதலாளி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஏசியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா பதினோரு வருடக் கண்களால் திருப்பிப் பார்த்தார். முதலாளியின் பார்வை என்னிடம் வந்து நின்றுகொண்டது.

அன்று பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தால் நான் தேவையில்லை. இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடத்திலேயே நின்றால் என்னை வைத்திருப்பது கட்டுப்படியாகாது. இரண்டுக்கும் நடுவில், உச்சமும் வாழ்ந்து நானும் வாழ்கிற ஓர் எண் இருந்தாக வேண்டும். கல்லூரியில் மூன்று வருடம் படித்ததற்கு முதல்முறையாக உபயோகம் வந்தது.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போனேன். நாற்பதை அழித்துவிட்டு முப்பது என்று எழுதினேன். சேமித்தேன். திரும்பினால் அக்கா பின்னால் நின்று கைப்பையிலிருந்து கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது.

"என்னம்மா சீக்கிரமே வந்துட்டே?"

"சும்மா அக்கா."

"சும்மாதானே. சரி."

அன்று மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தது நான்கு மணிக்கு முடிந்தது. முதலாளி கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நாப்பது நிமிஷம் குறைஞ்சிருக்கு!"

"செட்டாயிடுச்சு மாமா!" என்று கான்ஃபிகரேஷன் ப்ராசஸர் இருந்த பெட்டியைத் தட்டிக்கொடுத்தார், பந்தயத்தில் ஜெயித்த குதிரையைத் தட்டுவதுபோல். "நான் சொன்னேன்ல? சாதாரணமானதை வாங்கியிருந்தா இது நடக்குமா?"

"நீ ஒரு மணி நேரம்னு சொன்னியே."

"ஒரு மணி நேரத்துக்கு எட்டு கோர் வேணும் மாமா."

முதலாளிக்கு இருமல் வந்தது. எட்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

மாதக் கடைசிக் கூட்டத்தில் முதலாளி ஒவ்வொருவராகக் கேட்டார், வாங்கியது சரிதானே என்று. அக்கா சரி என்றார். கான்ஃபிகரேஷன் மூன்று முறை சரி என்றார்.

"நீ என்னம்மா சொல்றே?"

கோட்டுப் பைக்குள் மடித்த தாள் இன்னும் இருந்தது. விரல் பட்டது.

"சரிங்க சார். நல்ல ப்ராசஸர்."

"பேசறாளே!" என்றார் முதலாளி. டீயோடு ஒரு கடிதமும் வந்தது. 'புதிய உயர்தரக் கணினியைத் திறம்பட இயக்கியமைக்காக' என்னை நிரந்தரமாக்கியிருப்பதாக எழுதியிருந்தது. இரண்டு முறை படித்தேன். டீ நன்றாக இருந்தது.

இப்போது அக்கா ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறார். பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில்தான். வாட்ச்மேனுக்கு மட்டும் வருத்தமாம்.

நேற்று கோட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"அடுத்த மாசத்துலேருந்து தனி வகுப்பை நாலே முக்காலுக்கே விட்டுடறாங்களாம். அந்த ப்ராசஸர் இன்னும் ஒரு கால் மணி நேரம் செட்டாகுமா?"

நான் திரையைப் பார்த்தபடி மனத்துக்குள் கணக்குப் போட்டேன். இருபத்தாறு விநாடி.

"ஆகும்னு நினைக்கறேன் அக்கா."