ரேடியோ அக்காவின் வாக்குமூலம்

அந்த மூன்று மாடிக் குடியிருப்பில் யார் வீட்டில் பால் தீய்ந்தது, எந்த மருமகள் எத்தனை நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் அந்தந்த வீட்டாருக்குத் தெரியும் முன்பே ரேடியோ அக்காவுக்குத் தெரிந்துவிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை அவள் புருஷனே மறந்து பல வருஷமாகிறது.

போன வாரம் ரேஷன் வரிசையில் கால் கடுக்க நின்றபோது, பொழுது போகாமல் முன்னால் நின்றவளிடம் ஒரு வார்த்தை சொன்னாள். "எங்க மேல்வீட்டு டெய்லருக்கும் கணக்கு வாத்தியாருக்கும் எட்டு வருஷமா ஒரே கட்டில்தான், தெரியுமா?" இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முன்னால் நின்றவள் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரின் மனைவி என்பது மட்டும், எல்லாம் தெரிந்த அக்காவுக்குத் தெரியாமல் போயிற்று.

ஆணும் ஆணும் குடித்தனம் நடத்தினால் ஜெயில் என்று சட்டம் இருந்த காலம் அது. முந்தின வருஷம் பக்கத்துத் தெருவில் இரண்டு பேரைப் பிடித்துப் போனார்கள். ஒருவர்தான் திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூட்ஸ் சத்தம் மாடியேறியது. சற்று நேரத்தில் ஒரு போலீஸ்காரர் இறங்கி வந்து அக்காவைக் கூப்பிட்டார். சாட்சி சொல்லவாம்.

மேலே ஒரே அறை. தையல் மெஷின், அதற்கொரு ஸ்டூல், துணி வெட்டும் மேஜை, ஒரு கட்டில், இரண்டு தலையணை. இன்ஸ்பெக்டர் டெய்லரின் கழுத்தில் கிடந்த அளவு நாடாவையே உருவிக் கட்டிலை அளந்துகொண்டிருந்தார்.

"அகலம் நாலடி. எழுதிக்கய்யா. ரெண்டு ஆம்பளைங்க, ஒரு கட்டில்."

"நான் மேஜைமேல படுத்துக்குவேன் சார்" என்றார் டெய்லர்.

"அப்படியா? படுத்துக் காட்டு."

டெய்லர் துணிகளை ஒதுக்கிவிட்டு ஏறிப் படுத்தார். முழங்காலுக்குக் கீழே அந்தரத்தில் தொங்கியது. ஒரு போலீஸ்காரர் சிரித்தார். சுவரோரம் நின்ற வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "ரேஷன் கடையில நீங்க சொன்னதை இங்கேயும் சொல்லுங்கம்மா."

படுத்தபடியே டெய்லர் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"சொன்னேன் சார். ஆனா பொய்."

"பொய்யா?"

"நான் வாயைத் தொறந்தாலே பொய்தான் சார் வரும்."

"போலீஸ்கிட்ட விளையாடுறியா? உன்னையும் சேத்து உள்ள தள்ளிடுவேன்!" மரியாதை ஒரே நொடியில் பறந்துவிட்டது.

மாடிப்படி நிறைய ஆட்கள். அக்காவோடு இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத நர்ஸ்தான் முதலில் முன்னே வந்தாள்.

"அது வாயில உண்மையே வராது சார். எனக்கும் டாக்டருக்கும் தொடர்புன்னு தெரு பூரா சொல்லுச்சு."

"நான் செத்துட்டேன்னு சொல்லுச்சு சார்" என்றார் மளிகைக்கடைக்காரர். "என் மச்சான் அழுதுகிட்டே வந்து நிக்கிறான். கதவைத் தொறந்ததே நான்தான்."

"இருபத்தஞ்சு வருஷமா கேக்குறேன், ஒரு வார்த்தை நெஜமில்ல" என்று அக்காவின் புருஷனும் சேர்ந்துகொண்டார். அதில் தேவைக்கு மேலேயே சந்தோஷம் இருந்தது.

நர்ஸ் தையல் மெஷின் ஸ்டூலைக் காலால் தள்ளி, தொங்கிக்கொண்டிருந்த கால்களுக்கு அடியில் நிறுத்தினாள். "இப்படித்தான் சார் படுப்பாரு. ஊசி போட வந்தப்போ என் கண்ணால பாத்தேன்."

கால்கள் பொருந்தின. இன்ஸ்பெக்டர் அளவு நாடாவைச் சுருட்டிக் கட்டில்மேல் எறிந்தார். பிறகு ஒரு தாளை நீட்டினார். 'நான் பொய் பேசும் பழக்கமுள்ளவள்' என்று அக்காவை எழுதவைத்து, படிக்கட்டில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி உரக்கப் படித்தார். அக்கா அதில் கையெழுத்துப் போட்டாள்.

"மறுபடி வருவேன்" என்று வாத்தியாரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கூட்டம் கலைந்தது. டெய்லர் மேஜையிலிருந்து இறங்கினார். வாத்தியார் கைகொடுத்தார். அக்கா ஒதுக்கிக் கிடந்த துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"அக்கா" என்றார் டெய்லர். குரலில் கோபம்கூட இல்லை. "இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. காலையிலிருந்து சொன்ன பொய் போதும் என்று தோன்றியது.

"பால்காரம்மா…" என்று தொடங்கினாள். "பள்ளிக்கூட வாட்ச்மேன் பொண்டாட்டி… அப்புறம் பஸ்ல ஒருத்தி…"

வாத்தியாரின் முகம் வெளுத்தது. கீழே போயிருந்த நர்ஸ் திரும்பி வந்து, கதவைச் சாத்தி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு விடாம சொல்லு. இனிமே எந்தெந்த வாயை அடைக்கணும்னு பாப்போம்."