நாற்பத்தாறு மாடி

வீட்டைக் காலி பண்ணச் சொன்ன அதே மனிதர்தான், ஊரில் இனி ஒரு வீடுகூடக் கட்ட விடமாட்டேன் என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் மருந்துக்கடைக்காரர், நகரசபையில் மூன்றாம் வார்டு உறுப்பினர். மேசைக்கு இந்தப் பக்கம் ஊர் வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவருடைய வாடகைக்காரி. நகரசபைக்கு வரைபடம் போடுவது அவள் வேலை. கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருப்பதால் பியூனிலிருந்து தலைவர் வரை எல்லோருக்கும் அவள் பென்சிலக்கா. தலைவருக்கு அவளைவிட இருபது வயது கூடுதல். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

மருந்துக்கடைக்காரர் போன மாதமே கறாராகச் சொல்லிவிட்டார். மருந்துப் பெட்டிகளை அடுக்க இடமில்லை, மாதக் கடைசிக்குள் வீடு வேண்டும். அன்றிலிருந்து அவளும் பஸ் ஓட்டுகிற அவள் கணவனும் ஏறி இறங்காத வாசல் இல்லை. ஊரில் வாடகை வீடு மருந்துக்குக்கூட இல்லை. மருந்துக்கு மட்டும் வீடு இருக்கிறது. இருந்த ஒன்றிரண்டும் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கூட இருக்கும் மாமியாருக்கோ ஒரு படி ஏறினாலே முழங்கால் இரண்டும் அழும். பக்கத்து ஊரில் தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. கிடைத்து என்ன பிரயோசனம்? நகரசபை ஊழியர் நகர எல்லைக்குள்தான் குடியிருக்க வேண்டும், எல்லை தாண்டினால் வேலை போய்விடும் என்று விதி. அந்த விதியைப் போட்டதும் இதே நகரசபைதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் மாநில அரசின் புது உத்தரவு வந்து சேர்ந்தது. ஊரில் வீடுகள் பெருக வேண்டும். ரயில் நிலையத்தைச் சுற்றி நாலு மாடி வரை யார் வேண்டுமானாலும் கட்டலாம். கூடவே ஒரு வரைபடம். கட்டலாம் என்ற இடமெல்லாம் மஞ்சள்; சின்ன ஊர் என்பதால் ஒன்பது வார்டிலும் மஞ்சள் விழுந்திருந்தது. இந்த ஊரின் பங்கு தொள்ளாயிரத்து இருபது வீடு. பிடிக்காத தெருவை நகரசபை காரணம் எழுதி விலக்கிக்கொள்ளலாம். ஆனால் எண்ணிக்கை குறையாது. விலக்கிய தெருவின் வீடுகள் மிச்சமிருக்கும் மஞ்சளின் தலையில் ஏறும், மாடிக்கணக்கும் கூடவே ஏறும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் போகாவிட்டால், வந்த வரைபடம் வந்தபடியே சட்டம்.

அதைப் படித்தபோது பென்சிலக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது உண்மை. தொள்ளாயிரத்து இருபது வீடும் நாளைக் காலையில் முளைத்துவிடாது என்று தெரியாதவளா அவள்? இருந்தாலும், வீடு கேட்டு அலைகிறவர்களைப் பற்றி எங்கேயோ ஒருத்தர் யோசித்திருக்கிறார் என்பதே ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் வரைக்கும்தான் தாங்கியது.

அந்த நகரசபையில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் வார்டுக்கு அவரவர் பேச்சே கடைசிப் பேச்சு. அடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது, தலைவரும்தான். அதனால் அங்கே சண்டை வந்ததே இல்லை. வேலை நடந்ததும் இல்லை.

முதலில் பல் டாக்டரம்மா எழுந்தார். "எங்க வார்டுல மாடி வந்தா நிழல் விழும்க்கா."

"எது மேல டாக்டர்?"

"என் கிளினிக் போர்டு மேல."

காரணம் என்ற கட்டத்தில் பென்சிலக்கா 'நிழல்' என்று எழுதி, அந்த வார்டின் மஞ்சளை அழித்தாள்.

அடுத்து மரக்கடைக்காரர். ஊரில் நாலு வீடு எழும்பினால் நாலுக்கும் கதவு ஜன்னல் விற்கப்போகிறவர் அவர். அவராவது சரி என்பார் என்று அவள் நினைத்தது அவள் தப்பு. "கட்டட்டும், தாராளமா கட்டட்டும். எங்க தெருவுல வேணாம். எங்க தெருவுக்குன்னு ஒரு பழமை இருக்கு."

"எந்தக் கட்டடம்னு எழுதட்டும் சார்?"

"என் கார் ஷெட். இருபத்தஞ்சு வருஷமாச்சு."

'தொன்மை' என்று எழுதினாள். ரப்பர் தேய்ந்துகொண்டே வந்தது.

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க வார்டு குடும்பங்க வாழற இடம். குடும்பங்க நிம்மதியா இருக்கணும்னா புதுக் குடும்பங்க வரக் கூடாது."

பென்சிலக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "இருக்கற குடும்பமும் இருக்கக் கூடாதுங்களா சார்?"

"அது பர்சனல். இங்க எதுக்கு அந்தப் பேச்சு?"

இப்படியே தலைவருடைய வார்டு உட்பட ஒன்பது வார்டும் ஆயிற்று. ஒருவருக்குக் காற்று வராது, இன்னொருவருக்குக் காற்று அதிகமாக வரும். ஆறாம் வார்டுக்காரருக்குக் காரணமே அகப்படவில்லை. "எல்லாரும் எழுதினதையே எனக்கும் எழுதுங்க" என்றார். நடுவில் மூன்று தடவை பென்சிலக்கா, "சார், அப்ப மிச்ச வீடெல்லாம் எங்க ஏறும்னு..." என்று ஆரம்பித்தாள். மூன்று தடவையும், "அதெல்லாம் அப்புறம்க்கா" என்றார் தலைவர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அத்தனை பேரும் கை தட்டினார்கள். சொந்தத் தெருவைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடிக்காத குறை.

அறைக்குத் திரும்பி வரைபடத்தைப் பார்த்தாள். ஊரே வெள்ளை வெளேரென்று கிடந்தது. நடுவில் மட்டும் நகம் அளவுக்கு ஒரு மஞ்சள் மிஞ்சியிருந்தது. அது நகரசபை வளாகம். பொது இடம் என்பதால் எந்த வார்டிலும் சேராது. ஆகவே அதற்காகப் பேச ஆளில்லை. வருகிறவர்கள் உட்காரும் கூடம், தலைவர் அறை, அவளுடைய வரைபட அறை, பின்னால் சைக்கிள் நிறுத்துமிடம். அவ்வளவுதான். தொள்ளாயிரத்து இருபது வீடும் இனி அதன்மேல். மாடிக்கு இருபது வீடு என்று எப்படியோ நெருக்கித் திணித்தாலும் நாற்பத்தாறு மாடி. இரண்டு தரம் போட்டுப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. இப்பேர்ப்பட்டவர்களிடம் போய் மாட்டிக்கொண்டோமே என்று அழுகைதான் வந்தது.

புதன்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு தலைவர் கையெழுத்துப் போடும் நேரம். அரைக்கண் மூடி, கட்டுக் கட்டாகப் போடுவார். மாநில அரசுக்குப் போக வேண்டிய பதிலைப் பென்சிலக்கா மேலாக வைத்தாள்.

"சார், இத மட்டும் ஒரு தடவ படிச்சிட்டுப் போடுங்க."

"நீங்க போட்ட மேப்பு. நான் என்னத்தப் படிக்கறது?" போட்டுவிட்டார்.

"இல்ல சார், மாடிக் கணக்கு..."

"அக்கா, கூட்டத்துலயே எல்லாம் முடிஞ்சுபோச்சு. வெள்ளிக்கிழம சாயந்திரம் நான் சொன்னதும் அனுப்புங்க."

அவருடைய மேசையோரம் நின்றபடியே அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. வேகமாக அறைக்குப் போய் விலாச மாற்றப் படிவம் ஒன்றை எடுத்தாள். புதிய இருப்பிடம் என்ற இடத்தில், 'வரைபட அறை, நகரசபை வளாகம்' என்று அச்சுப் போலத் தெளிவாக எழுதினாள். ஒளிக்கவில்லை, திரும்பி வந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "என் விலாச மாற்றம் சார்."

"வீடு கிடைச்சிருச்சா? ரொம்ப சந்தோஷம்க்கா!" என்று கையெழுத்தின் அடியில் சுழித்து ஒரு கோடும் இழுத்தார்.

வீட்டில் சொன்னபோது கணவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "உனக்கு மூளை கலங்கிருச்சா?"

"எனக்கில்ல. இந்த ஊர்ல மனுஷங்க குடியிருக்கத் தகுந்த ஒரே இடம் அதுதான்னு ஒன்பது பேர் கை தூக்கியிருக்காங்க. நான் என்ன, அவங்களவிடப் பெரிய ஆளா?"

"வேலை போயிடும்டி."

"வெளியூர் போனாலும் போயிடும். தெருவுல நின்னாலும் போயிடும்." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அவன் வேன் வைத்திருக்கும் நண்பரின் நம்பரைத் தேடினான்.

மாமியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அங்க படி இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல அத்தை."

"அப்ப மூட்டையக் கட்டு."

வியாழக்கிழமை ஐந்தரை மணிக்கு, ஆபீஸ் காலியானதும், கணவனின் நண்பர் வேனில் சாமான்கள் வந்து இறங்கின. காவலாளி விலாசத்தைப் படித்தார், தலைவரின் கையெழுத்தை, அதன் அடிக்கோட்டை எல்லாம் உற்றுப் பார்த்தார், கேட்டைத் திறந்துவிட்டார். கட்டில் வரைபட அலமாரிக்குப் பக்கத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. டீ போடும் மூலையில் அடுப்பு அமர்ந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தலைவர் வந்தபோது, கூடத்துப் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு மாமியார் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாருப்பா? யாரப் பாக்கணும்?"

தலைவருக்கு வாய் குழறியது. "நான்... தலைவர்..."

"தலைவர் இன்னும் வரலையாம். உக்காருங்க."

"நான்தான்மா தலைவர்!"

"அப்படியா? அப்ப கால நல்லா தொடச்சிட்டு உள்ள போங்க. இப்பதான் கூட்டினேன்."

உள்ளே போனவர் கொடியில் தொங்கிய டிரைவர் சட்டையைப் பார்த்தார். சோற்றுப் பானையைப் பார்த்தார். "அக்கா! என்ன கூத்து இது? உடனே காலி பண்ணுங்க!"

"யார் சொல்லணும் சார்?" என்றாள் பென்சிலக்கா. "அவங்கவங்க வார்டுக்கு அவங்கவங்க பேச்சுதானே? இது யார் வார்டு?"

தலைவர் விரல்விட்டு வார்டுகளை எண்ணிப் பார்த்தார்.

"நீங்க கையெழுத்துப் போட்ட விலாசம் சார். அதோட, இதையும் நீங்கதான் போட்டீங்க." பதிலை எடுத்து நீட்டினாள். அந்த வாரத்தில் முதல்தடவையாக ஒரு காகிதத்தை அவர் முழுசாகப் படித்தார். நாற்பத்தாறு என்ற இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் படித்தார். அப்போதும் நாற்பத்தாறாகத்தான் இருந்தது.

"இங்கயா? நம்ம ஆபீஸ் மேலயா? ஏன்க்கா சொல்லல?"

"மூணு தடவ சொன்னேன் சார்." இதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "மூணு தடவ! ஒரு மாசமா வீடு வீடா ஏறி இறங்கறேன். வெளிய போனா வேலை இல்லைங்கறீங்க, உள்ள இருக்க வீடு இல்லைங்கறீங்க, வீடு கட்டவும் விடமாட்டேங்கறீங்க. மனுஷங்க எங்க சார் போவாங்க? எங்கயாவது போகணுமில்ல?"

தலைவர் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். அனுப்பினால் ஆபீஸ் போய்விடும். அனுப்பாவிட்டால் ஊர் முழுக்க மஞ்சள். அவகாசம் கேட்டு மாநில அரசுக்கும் போன் போட்டார். ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான் என்றார்கள்.

பன்னிரண்டு மணிக்கு ஒன்பது பேரும் கூடிவிட்டார்கள். அந்த நகரசபையின் முதல் சண்டை அன்றைக்குத்தான் நடந்தது. பல் டாக்டரம்மா மரக்கடைக்காரர் தெருவைக் காட்டினார். மரக்கடைக்காரர் மருந்துக்கடைக்காரர் தெருவைக் காட்டினார். ஆறாம் வார்டுக்காரர் எல்லோர் தெருவையும் காட்டினார். தன் தெருவைக் காட்ட மட்டும் ஒருவருக்கும் விரல் நீளவில்லை. மூன்று மணிக்கு மாமியார் கதவோரம் வந்து, "கொஞ்சம் மெதுவா பேசுங்கப்பா, கண்ணசரலாம்னு பாத்தா விடமாட்டேங்கறீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு மணிக்கு மருந்துக்கடைக்காரர் மட்டும் நைசாக வரைபட அறைக்குள் நுழைந்தார்.

"அக்கா, பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. பழைய வீட்டுக்கே வந்துருங்க. ஆறு மாசம் இருங்க."

தரைத்தளம், தெரிந்த தெரு, எல்லைக்குள் விலாசம். ஒரு மாதமாக அவள் கேட்டதெல்லாம் அதுதான்.

"ஒண்ணே ஒண்ணு," என்று குரலைத் தாழ்த்தினார். "மரக்கடைக்காரர் வார்டுல கொஞ்சம் மஞ்சள் தீட்டி அனுப்பிருங்க. யார் பாக்கப் போறாங்க? தலைவர் படிக்கவா போறார்?"

பென்சிலக்கா கட்டிலைப் பார்த்தாள். மாமியார் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். இருபது வருடத்தில் ஒரு கோட்டைக்கூட அவள் பொய்யாக இழுத்ததில்லை. "ஆறு மாசம் கழிச்சு சார்?"

"அப்ப... அது அப்ப பாத்துக்கலாம்."

"அப்பவும் இந்த ஊர்ல வீடு இருக்காதே சார். வேணும்னா உங்க வார்டுலயே தீட்டறேன், கூட்டத்துல எழுந்து சொல்லுங்க."

அவர் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொன்னது சரியா தப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. மாமியார் மட்டும் திரும்பிப் படுத்துக்கொண்டே, "இந்த இடம் நல்லா காத்து வருது" என்றார்.

நாலே முக்காலுக்குத் தலைவர் வந்தார். சட்டை கசங்கி, தலை கலைந்து, பத்து வயது கூடியவர் போல இருந்தார். வாசலிலேயே காலை நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, மஞ்சள் பென்சில் இருக்கா?"

அவள் சட்டென்று எழுந்தாள். "இருக்கு சார்."

"என் தெருவத் தீட்டிக்குங்க."

பென்சிலக்காவுக்குக் காதை நம்ப முடியவில்லை. கை தானாகவே வரைபடத்தை விரித்தது. ஒருத்தர் ஆரம்பித்தால் போதும். வெட்கத்துக்காகவாவது மற்றவர்கள் வருவார்கள். தலைவருடைய தெருவின் மேல் பென்சில் முனையை வைத்துவிட்டாள்.

"எதிர்ப்பக்கம் மட்டும்," என்றார் தலைவர். "என் வீட்டுப் பக்கம் வேணாம்."

அவள் அவரைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. பென்சிலை வரைபடத்திலிருந்து எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டு, டீ போடும் மூலைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"உக்காந்து நிதானமா யோசிங்க சார். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்றாள். "நாங்க இங்கதான் இருக்கோம்."